நூற்றுப்பத்தொன்பதாவது தலை

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வரவேண்டிய வண்டி சரியாக வந்தது. சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் ஆவாரனேரி விலக்கில் நின்றது. "வணக்கம்" என்றது. பிறகு யாரையும் ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது.

வெயிலுகந்தாள் அதன் பின்னால் நாலு எட்டு ஓடிப் பார்த்தாள். ஓட்டுநர் இல்லாத வண்டியின் பின்னால் ஓடி என்ன பயன்? ஓட்டுநர் என்று ஒருவன் இருந்தால் கெஞ்சலாம், வையலாம், உன் அம்மாவை எனக்குத் தெரியும் என்று மிரட்டலாம். விலக்கின் சிமென்ட் பெஞ்சில் அவள் புருஷன் கொம்பையா வீங்கிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய இரண்டு சிறுநீரகமும் வேலை நிறுத்தம் செய்து மூன்று வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி அந்த வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். வழியில் ஒரு வேப்பமர நிழலில் நின்று நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து, மத்தியானம் கொண்டுவந்து இறக்கிவிடும். காசு கிடையாது.

"நமக்கு ஏதோ மரியாதை கூடிப்போச்சு போல," என்றான் கொம்பையா. "மூணு வருஷத்துல அது ஒரு நாளும் வணக்கம் சொன்னதில்ல."

அவன் சொன்னது சரிதான். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற நலமானி பொன்னிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

நலமானி என்பது ஊர் ஊருக்கு அரசாங்கம் நட்டு வைத்திருக்கும் ஆளுயரக் கம்பம். ஊரின் மொத்த வருமானத்தை ஊரிலுள்ள தலைகளால் வகுத்து, வந்த எண்ணை நெற்றியில் காட்டும். அதுதான் ஊரின் நலம். இரண்டு லட்சத்துக்குக் கீழே இருந்தால் சிவப்பு. ரேஷன் அரிசி, பள்ளிக்கூடத்து முட்டை, இலவச பஸ், மருத்துவ வண்டி எல்லாம் தானாக வந்து நிற்கும். மேலே போனால் பச்சை, வந்ததெல்லாம் நின்றுவிடும். பொன்னிறம் என்று ஒன்று உண்டு என்பதே ஆவாரனேரிக்கு அன்றைக்குத்தான் தெரியும். மனு, கையெழுத்து, சிபாரிசு, லஞ்சம் அத்தனையையும் ஒழித்துக்கட்டிய கம்பம் என்று அதற்குப் பெயர். லஞ்சம் வாங்காதவனிடம் மன்றாடவும் வழியில்லை என்பது பிற்பாடுதான் எல்லோருக்கும் புரிந்தது.

"என்ன இது?" என்று வெயிலுகந்தாள் அதன் முன்னால் போய் நின்றாள்.

"வாழ்த்துகள், வெயிலுகந்தாள் அவர்களே. உங்கள் ஊரின் தலைக்கு வருமானம் எழுபத்தேழு லட்சத்து நாற்பத்தோராயிரம் ரூபாய். மாநிலத்தில் முதலிடம்."

"எனக்கு எழுபத்தேழு லட்சமா?"

"சராசரியாக."

"அத எங்க வச்சிருக்க? எடு."

"அது சராசரி. எடுத்துக் கொடுக்க இயலாது."

"அப்போ வண்டிய மட்டும் எப்படி எடுத்த?"

அதற்கு நலமானி, "உங்கள் வருமானப் பிரிவினருக்கு ஹெலிகாப்டர் பரிந்துரைக்கப்படுகிறது" என்றது.

வெயிலுகந்தாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏனென்றால் இந்த வேலையைச் செய்தது அவள் கைதான்.

ஆவாரனேரியில் மாடசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதுவார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலை. பெண்பிள்ளைகள் தலை ஆகமாட்டார்கள்; புருஷன் செத்துப்போனால் அந்த வீட்டுத் தலையும் அவனோடு போய்விடும். கொம்பையாதான் கோயில் கணக்கர். அவன் கை நடுங்க ஆரம்பித்த பிறகு மூன்று வருஷமாக நோட்டில் வெயிலுகந்தாள் எழுதுகிறாள். நூற்றுப் பதினெட்டு பேரையும் மணிமணியாக எழுதுவாள். அவள் பெயர் அதில் கிடையாது. எழுதி, பக்கத்தைப் படம் பிடித்து அரசாங்கத்துக்கு அனுப்புவதும் அவள்தான்.

முந்தின நாள் ராத்திரி அவள் நூற்றுப்பத்தொன்பதாவதாக ஒரு பெயர் எழுதினாள். இளம்பரிதி. ஓசூரில் இருந்துகொண்டு மேகம் வாடகைக்கு விடும் கம்பெனி முதலாளி. வருஷ வருமானம் தொண்ணூறு கோடி. குஜராத்தில் ஒருவன் கல்யாணத்துக்கு நிழல் வேண்டும் என்றால் இவன் மேகம் போய் நிற்கும். ஆவாரனேரிக்கு மட்டும் ஒரு துண்டு மேகமும் இன்றுவரை வந்ததில்லை. அவன் அம்மா சொர்ணத்தாய் பிறந்தது இந்த ஊர். வாக்கப்பட்டது ஓடைக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரைப்பட்டியில். கொடைக்குப் பெரிதாக ஏதாவது செய்வான் என்று கோயில் தலைவர் மந்திரமூர்த்தி அவனைப் பார்க்கப் போனார். அவனும் கோயிலுக்குப் புது மணி தருவதாகச் சொன்னான். பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றுதான்: கொடையன்று தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை. வரியில் பெயர் இல்லாதவனுக்குப் பரிவட்டம் கிடையாது. அதனால் சேர்த்தார்கள்.

மருத்துவ வண்டியின் திறக்காத கதவுக்குள்ளிருந்து கையை விரித்துக் காட்டிவிட்டுப் போன நர்ஸ் பெனிட்டாவுக்கு வெயிலுகந்தாள் போன் போட்டாள்.

"கோயில் நோட்டுக்கும் வண்டிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இந்தக் காலத்துல யாரு எந்த ஊருன்னு யாருக்குக்கா தெரியுது?" என்றாள் பெனிட்டா. "ஒருத்தர் ஓசூர்ல படுக்காரு, சிங்கப்பூர்ல வேல பாக்காரு, ரேஷன் கார்டு மதுரையில இருக்கு. அதான் கோயில் வரி எந்த ஊர்ல கட்டுதாங்களோ அதுதான் ஊருன்னு மெஷினுக்குச் சொல்லிட்டாங்க. எங்களுக்குச் சர்ச் வரி. சாமி கணக்குல யாரும் பொய் எழுத மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை."

"அந்த ஆளு இங்க ஒரு நாளு கூட இருந்ததில்லயே."

"இருக்க வேண்டாங்க்கா. வகுக்கதுக்குத் தலை இருந்தாப் போதும். மாமாவ எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு மேல வைக்காதீங்க."

இது எதுவும் தெரியாத ஊர் அன்று மத்தியானம் வரை வெடி போட்டது. மாநிலத்தில் முதலிடம் என்றால் சும்மாவா. சாயங்காலம் ரேஷன் கடைக்குப் போனவர்களுக்கு அரிசிக்குப் பதில் பங்குச்சந்தையில் முதலீடு செய்வது எப்படி என்று ஒரு புத்தகம் கிடைத்தது. தூத்துக்குடி பஸ்ஸில் டிக்கெட் அறுநூற்று நாற்பது ரூபாய். நாற்பது ரூபாய் கருவாட்டை விற்கப் போனவள், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று புலம்பிக்கொண்டு திரும்பி வந்தாள். பொன்னிறத்தைக் கேள்விப்பட்டு வெளியூரிலிருந்து இரண்டு பிச்சைக்காரர்கள் வந்தார்கள். தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, போகும்போது கொம்பையாவிடம் ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை வெயிலுகந்தாள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, கொம்பையாவைத் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஊரின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள்; அதற்குத் தகுந்த மாதிரிதான் பில்லும் இருந்தது. வெள்ளிக்கிழமை மறுபடி செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமைக்கு அடகு வைக்க அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. இவன் போய்விடுவானோ என்று பஸ்ஸில் வரும்போது முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

புதன்கிழமை காலையில் அவள் நேரே மந்திரமூர்த்தி வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்தப் பேர அடிச்சிருவோம்."

மந்திரமூர்த்தி நெஞ்சில் கை வைத்தார். "வரியில எழுதின பேர அடிக்கதுன்னா என்னன்னு தெரியுமா தாயி? அது ஊர் விலக்கு. கொல பண்ணினவனுக்குச் செய்யுதது. அந்தப் பிள்ள என்ன குத்தம் செஞ்சான்? கோயிலுக்கு மணி தாரேன்னு சொன்னான். அதுவா குத்தம்?"

"எங்க வீட்டு ஆளு செத்துப்போவாரு அண்ணாச்சி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கல்நெஞ்சர் இல்லை, வழக்கத்துக்கும் மணிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷன். "அடிக்கத்தான் கூடாது. தலையைக் கூட்டலாம்லா? தலை கூடினா சராசரி குறையும். நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. முதலில் செத்துப்போனவர்களை எழுதிப் பார்த்தார்கள். படம் போன ஒரு நிமிஷத்தில் விலக்கிலிருந்து நலமானியின் குரல் வந்தது: "திரு. சுடலைமுத்து காலமாகிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. ஆழ்ந்த அனுதாபங்கள்." அடுத்து ஆடுகளை எழுதினார்கள். "திரு. வெள்ளையன் அவர்களுக்கு நான்கு கால்கள் இருப்பது குறித்து விளக்கம் தேவை" என்றது. கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி, சாமியையே ஒரு தலையாக எழுதினால் யார் கேட்பார்கள் என்றான். மாடசாமி பெயரை எழுதினார்கள். நலமானி பக்தியோடு ஏற்றுக்கொண்டு, உண்டியல் வருமானத்தோடு சாமி பேரில் இருக்கும் நிலத்தின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டது. சராசரி இன்னும் மூன்று லட்சம் ஏறியது. சாமியிடம் மன்னிப்புக் கேட்டு, கற்பூரம் கொளுத்தி அவரை வெளியே எடுத்தார்கள்.

ஒவ்வொன்றையும் எழுதி எழுதி வெயிலுகந்தாளுக்குக் கை வலித்தது. பேனாவை மூடி வைத்தாள்.

"உசுரோட, ரெண்டு காலோட, நாங்க நூத்தி நாப்பத்தோரு பேரு இருக்கோம்" என்றாள்.

எந்த நூற்று நாற்பத்தோரு பேர் என்று விளங்கவே கூட்டத்துக்கு நேரம் பிடித்தது.

"பொம்பளையள தலையில சேக்கதா? வழக்கம் இல்லியே தாயி" என்றார் மந்திரமூர்த்தி.

"வெள்ளாட்டச் சேக்க வழக்கம் இருந்துச்சோ அண்ணாச்சி? இளம்பரிதிய எப்படிச் சேத்தீங்க? அவன் அப்பா இந்த ஊரா? சொர்ணத்தாய் பெரியம்ம பொறந்த ஊருன்னுதான சேத்தீங்க. ஒரு பொம்பள வழியா தொண்ணூறு கோடி உள்ள வரலாம். அந்தப் பொம்பள உள்ள வரக்கூடாதா?"

மந்திரமூர்த்தி தண்ணீர் வாங்கிக் குடித்தார். நாலு பெரியவர்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். கடைசியில், "சரி, வெள்ளிக்கிழம வரைக்கும் எழுதிக்கிடு" என்றார்கள்.

நூற்று இருபது என்று எண் போட்டு, வெயிலுகந்தாள் முதலில் தன் பெயரை எழுதினாள். புருஷன் உயிருக்காக எழுதுகிற இடத்தில் தனக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தது. செய்தி பரவி, அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, தன் பெயர் எழுதப்படுகிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். எண்பது வயது ஆவுடைத்தங்கம் தன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, மை காயட்டும் என்று ஊதினாள்.

படம் போனது. நலமானி முப்பத்தைந்து லட்சத்து நாற்பத்து மூவாயிரம் என்றது. நிறம் மாறவில்லை. அதே பொன்.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார் மந்திரமூர்த்தி. "தொண்ணூறு கோடிய நம்மளால கரைக்க முடியாது. எழுதின பேர அடிச்சிரு தாயி."

"அடிக்கதுன்னா ஊர் விலக்குல்லா அண்ணாச்சி" என்றாள் வெயிலுகந்தாள். "நூத்தி நாப்பத்தோரு பேரையும் ஊர விட்டு விலக்குதீங்களா? மத்தியானத்துக்கு உலை யாரு வைக்க?"

ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம் என்று ஊர்ப் பெரியவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. வரியில் பெயர் இருக்கிற தலைக்குக் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை உண்டு. இருநூற்று அறுபது தலையில் நூற்று நாற்பத்தொன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க நலமானி வேண்டியதில்லை.

மறுநாள், வியாழக்கிழமை காலையில் கூட்டம். வெயிலுகந்தாள் எழுந்து நின்றாள். பேசிப் பழக்கம் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இளம்பரிதிய யாரும் விலக்க வேண்டாம். அவன் நம்ம ஊருப் பொண்ணு பெத்த பிள்ள. தாய்மாமன் ஊருக்கு வந்தவன் விருந்தாளி. விருந்தாளிகிட்ட எந்த ஊர்லயாவது வரி வாங்குவாங்களா? நாமதான் தெரியாம வாங்கிட்டோம். வரியத் திருப்பிக் குடுத்து, சாப்பாடு போட்டு, பரிவட்டமும் கட்டி அனுப்புவோம். பரிவட்டத்துக்கு வரி வேணுங்கது நாம போட்ட சட்டம்தான. அவன் தலை, அவன் அப்பா ஊர்லயே இருக்கட்டும்."

"நேத்து ஒண்ணு சொன்ன, இன்னைக்கு வேற சொல்லுத" என்றார் மந்திரமூர்த்தி.

"ஆமா அண்ணாச்சி. இத்தன வருசமா நீங்க அப்படித்தான பேசுதீங்க. உங்களப் பாத்துத்தான் படிச்சேன்."

நூற்று நாற்பத்தோரு கைகள் எழுந்தன. ஆண்களில் முப்பது பேர் மனசார எழுப்பினார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும் என்பதை நினைத்து எழுப்பினார்கள்.

இளம்பரிதிக்குப் போன் போட்டுச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. அதையும் அவளே செய்தாள். "நீங்க இனிமே விருந்தாளி. வரி கிடையாது. மரியாதை மட்டும் உண்டு."

"வரி ஐந்நூறு ரூபாயும் திரும்பி வந்துருமாக்கா?" என்று கேட்டான் இளம்பரிதி. வந்துரும் என்றதும் அவன் குரலில் ஒரு பூரிப்பு. பணக்காரன் எப்படிப் பணக்காரன் ஆகிறான் என்பது வெயிலுகந்தாளுக்கு அன்றைக்கு ஓரளவு பிடிபட்டது.

நலமானி சிவந்தது. "வருந்துகிறேன். தலைக்கு வருமானம் எண்பத்தோராயிரத்து எண்ணூற்றைம்பத்து மூன்று. மாநிலத்தில் கடைசியிலிருந்து மூன்றாமிடம்." ஆவாரனேரி மிச்சமிருந்த வெடியை எல்லாம் எடுத்துப் போட்டது.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு வண்டி வந்தது. வணக்கம் சொல்லவில்லை. "பழையபடி மதிக்க மாட்டேங்குது. இப்பத்தான் நிம்மதி" என்று சொல்லி ஏறினான் கொம்பையா. வெயிலுகந்தாளும் கூட ஏறினாள். நோட்டை மடியில் வைத்திருந்தாள். அதை ஆண்கள் கையில் விட்டுவிட்டு வரப் பெண்கள் யாருக்கும் மனசில்லை.

உள்ளே கொம்பையாவுக்கு அடுத்த படுக்கை காலியாகக் கிடந்தது. அது ஓடைக்கரைப்பட்டி தேவசகாயம் வாத்தியாருடையது. டிராயிங் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். மூன்று வருஷமாக அவரும் கொம்பையாவும் வழி நெடுகவும், ரத்தம் ஓடுகிற நாலு மணி நேரமும் ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள். வாத்தியார் ஒவ்வொரு தடவையும் தாளில் கட்டம் போடுவார். வண்டி குலுங்கும்போது தாள் மடங்கி, ஆடும் புலியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

"வாத்தியார எங்க?" என்றான் கொம்பையா.

பெனிட்டா ஊசியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஓடைக்கரைப்பட்டி நேத்து சாயங்காலம் பொன்னாயிட்டு மாமா. எங்க பிள்ளைய ஆவாரனேரிக்காரங்ககிட்ட இருந்து மீட்டுட்டோம்னு மேளம் அடிச்சு இளம்பரிதிய வரியில எழுதியிருக்காங்க. வண்டி அங்க திரும்ப மாட்டேங்கு."

அவன் தலை அவன் அப்பா ஊரிலேயே இருக்கட்டும் என்று சொன்னது வெயிலுகந்தாளின் வாய். அந்த ஊரிலும் ஒரு பெஞ்சு இருக்கும், அதில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. தன் வீட்டுத் தீயைப் பக்கத்து வீட்டுக் கூரையில் தூக்கிப் போட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. நோட்டைப் பிரித்தாள்.

"வாத்தியார் பேரு முழுசா என்னம்மா?"

"அவரு சர்ச்சுக்குப் போற வேதக்காரருல்லாக்கா. கோயில் வரியில எப்படி எழுதுவீங்க?"

"மாடசாமி ஒண்ணும் நெனைக்க மாட்டாரு," என்றான் கொம்பையா. "முந்தாநாளு வெள்ளாட்டையே பக்கத்துல உக்கார வச்சோம்."

இருநூற்று அறுபதாவது தலை: அ. தேவசகாயம். கீழே, கேட்காமலே, அவர் மனைவி பெயரையும் எழுதினாள். படம் பிடித்து அனுப்பினாள். வண்டி பாலம் வரை போனது, நின்றது, யோசித்தது, திரும்பியது. ஓடைக்கரைப்பட்டி விலக்கில் வாத்தியார் பையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் அவர் ஊர் நலமானி பொன்னாக எரிந்துகொண்டிருந்தது. எப்படி வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஏறிப் படுத்து, தாளை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்தார்.

அப்புறம் நடந்ததற்கு வெயிலுகந்தாள் பொறுப்பல்ல. அரிசி நின்றதும் ஓடைக்கரைப்பட்டியிலிருந்து நாலு பேர் ஓடையைத் தாண்டி வந்தார்கள். முட்டை நின்றதும் நாற்பது பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் மேளம் அடித்த தலைவரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எல்லோரையும் எழுதினாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: வீட்டுக்காரி பெயரைச் சொல்லாதவன் பெயரை எழுதமாட்டாள். நோட்டு அறுநூற்றுப் பதினொன்றில் வந்து நின்றது. மந்திரமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்று தான் சொன்னதை அவர் மறுபடி ஞாபகப்படுத்தவில்லை.

ஓடைக்கரைப்பட்டி வரியில் மிச்சம் இருந்தது இளம்பரிதி என்ற ஒரே தலை. அதுவும் ஓசூரில் இருந்தது. அந்த ஊர் நலமானி பொன்னையும் தாண்டி, யாரும் அதுவரை பார்த்திராத நீலத்துக்குப் போனது. "வாழ்த்துகள். தலைக்கு வருமானம் தொண்ணூறு கோடி. இந்த ஊரில் ஏழை என்று ஒருவரும் இல்லை. குறை என்று ஒன்றும் இல்லை" என்று, அந்த வழியாக மேயப் போகும் ஆடுகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மாநிலத்தின் மிகச் சிறந்த ஊர் என்ற விருது ஓடைக்கரைப்பட்டிக்கு வந்தது. கேடயம் விலக்கு வரை வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்க அந்த ஊர்க் கணக்கில் ஆள் இல்லை. மூன்று நாள் வெயிலில் கிடந்த அதை, வண்டிக்குக் காத்திருந்த வாத்தியார் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் நல்ல சொரசொரப்பாக, கனமாக, மடங்காமல் இருந்தது.

ஆடுபுலிக்கு அதைவிட நல்ல பலகை கிடைக்காது. வாத்தியார் அதில் கட்டம் போட்டதும் மூன்று புலியைக் கொம்பையா எடுத்துக்கொண்டான். பதினைந்து ஆட்டையும் வாத்தியார் வரிசையாக அடுக்கினார். அன்றைக்கு வண்டி எவ்வளவு குலுங்கியும் ஒரு காய் நகரவில்லை. வேப்பமரத்தடி வந்து சேர்வதற்குள் ஆடுகள் ஜெயித்துவிட்டன.